நீலப் பெண்ணின் நட்சத்திரம்

1.8.93, ஞாயிறு

மதியம் ஹாஸ்டலுக்குப் பக்கத்து வீட்டு சாந்தம்மா அக்கா தன் வீடியோ டெக்கில் இரண்டாவது கேசட்டைப் போட்டார். அக்காவின் கணவர் ஒரு ஜப்பான் இன்ஜினியருக்கு டிரைவராக இருந்தவர். அந்த மனுஷர் ஊருக்குத் திரும்பும்போது, தன் மகள் பார்த்த கார்ட்டூன் கேசட் மூன்றைக் கொடுத்துவிட்டுப் போனாராம். பள்ளிக்கூடம் படிக்கும் இரண்டு சிநேகிதிகள், சிவப்பு உடைக்காரி, நீல உடைக்காரி. நெஞ்சில் நட்சத்திரம் ஒட்டிக்கொண்டால் பறக்கிறார்கள், பூதங்களை அடிக்கிறார்கள்.

ஜப்பான் பாஷை யாருக்குத் தெரியும்? என் ரூம்மேட் தில்ஷாத்துதான் பின்னால் சுவரில் சாய்ந்துகொண்டு தமிழில் பேசுகிறாள், ஆளுக்கொரு குரலில். ஹாஸ்டல் பெண்கள் எட்டுப் பேரும் டிவியை விட்டுவிட்டு அவள் வாயையே பார்க்கிறார்கள்.

எனக்கு வயிறு எரிகிறது.

3.8.93

கம்பெனி பஸ்ஸிலும் அதே கதைதான். "தில்ஷாத், அந்தச் செவப்புப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணும்?" பக்கத்து சீட்டில் நான், வஜிஹா என்று ஒருத்தி, இருப்பது எவள் கண்ணுக்காவது தெரிகிறதா?

8.8.93, ஞாயிறு

அதே கேசட்டின் மிச்சம். நீலப் பெண் பாய்ந்து சிவப்புப் பெண்ணின் நெஞ்சிலிருந்த நட்சத்திரத்தைப் பிடுங்குகிறாள். "பாத்தீங்களா, பொறாமை! கூடவே இருந்து குழி பறிச்சிட்டா பாவி!" என்றாள் தில்ஷாத். எல்லோரும் நீலப் பெண்ணைத் திட்டினார்கள்.

நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அந்த நட்சத்திரம் சிவப்புப் பெண்ணை எரித்துக்கொண்டிருந்தது. சட்டை கருகியது. அவளைக் காப்பாற்றத்தான் அதைப் பிடுங்கினாள். அழுதுகொண்டே பிடுங்கினாள்.

தில்ஷாத்துக்கு அது எப்படித் தெரியும்? அவளுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியாது. பஸ் போர்டைக்கூட நான்தான் படித்துச் சொல்கிறேன். ஆனால் பொறாமைக்காரி என்று ஏன் சொன்னாள்? என்னை நினைத்துத்தானே?

12.8.93

என்ன காரியம் பண்ணிட்டேன்.

டீ டைமில் சூப்பர்வைசர் பெருமாள் சார் வந்து, "உன் ஃப்ரெண்டு சூப்பரா கதை சொல்றாளாமே, ஆண்டு விழாவுல மேடை ஏத்திடலாமா?" என்றார்.

"அவளுக்கு டிவில ஓடுற படமே கண்ணுக்குத் தெரியாது சார், எல்லாம் சும்மா அளக்கறா. கண் செக்கப்புல எழுத்தை மனப்பாடம் பண்ணித்தானே பாஸ் ஆனா" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வாய் தவறியா? இல்லை. தவறவில்லை.

எங்கள் கம்பெனியில் கண்ணாடி போட்டவர்களை பர்மனெண்ட் ஆக்குவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த ஆர்டருக்குத்தான் காத்திருக்கிறோம். செக்கப்பில் வருஷா வருஷம் அதே எழுத்துப் போர்டுதான் மாட்டுவார்கள். போன வருஷம் அதை வரிவரியாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்து ஒப்பிக்கவைத்தது நான்தான். லைனில் பொடிப் பொடி வயர்களுக்கு அவளைப் போல் சால்டர் பற்று வைக்க ஆளில்லை, கிட்டத்தில் இருப்பது அவளுக்கு அப்படித் தெரியும். இந்த வேலையை நம்பித்தான் அவள் ஊர் கெலமங்கலத்தில் அவளுடைய இரண்டு தங்கைகள் படிக்கிறார்கள். இத்தனையும் தெரிந்துதான் சொன்னேன்.

19.8.93

செக்கப். புதுப் போர்டு மாட்டியிருந்தார்கள். தில்ஷாத் பழைய எழுத்துகளையே கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

20.8.93

தில்ஷாத்தை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "யாரோ போட்டுக் குடுத்துட்டாங்கடி வஜி" என்று என் மடியிலேயே படுத்து அழுதாள். அல்லாஹ், என் மடியில்.

22.8.93, ஞாயிறு

கடைசி கேசட். தில்ஷாத் வரவில்லை, ரூமில் துணி மடிக்கிறாள். "வஜிஹா, நீ சொல்லுடி இன்னிக்கி" என்றார்கள். எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். இதற்குத்தானே ஏங்கினேன்.

நீலப் பெண் இரண்டு நட்சத்திரத்தையும் தன் நெஞ்சிலேயே வைத்துக்கொண்டு எரிந்து போகிறாள். சிவப்புப் பெண்ணுக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாது. அவள் பாட்டுக்கு ஸ்கூலுக்கு நடந்து போகிறாள். படம் முடிந்துவிட்டது.

நான் கதை சொல்லாமலே எழுந்து கேசட்டை வெளியே எடுத்தேன். "இவளுக்கு ஒண்ணும் தெரியல, தில்ஷாத்தான் லாயக்கு" என்று எழுந்து போனார்கள்.

23.8.93

பர்மிஷன் போட்டுவிட்டு தில்ஷாத்தோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கெலமங்கலம் பஸ் போர்டைப் படித்துச் சொன்னேன். பெட்டியை ஏற்றிக் கொடுத்தேன்.

ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "கடைசில அந்த நீலப் பொண்ணு திருந்துனாளா?"

எரிந்து போனாள், உயிரைக் கொடுத்தாள் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பெருமை எனக்கு எதற்கு?

"இல்லடி. பிடுங்குனவ பிடுங்குனவதான். திருந்தவே இல்ல."

"ச்சே, பாவம்! நான் சொல்லியிருந்தா திருத்தியிருப்பேன்" என்றாள்.

பஸ் எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் என் பர்மனெண்ட் ஆர்டர் வந்தது.