புகையில் போகாதது

14.8.1983, ஞாயிறு. ஈப்போ.

சந்தையில், நான் முன்பு வேலை பார்த்த ரப்பர் தோட்டத்து லெட்சுமியைப் பார்த்தேன். வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தாள்.

"டிரஸரய்யா, பூஞ்சணம் புடிச்சா நீங்க சொன்ன மாதிரியே கழுவி, புகையில காயப்போட்டுதான் பேத்திக்குக் குடுக்கிறேன்லா!"

தோட்டத்து மருந்தகத்தில் டிரஸராக மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது நான்தான் அப்படிச் சொன்னேன். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் காயும் புகை அறையில் எல்லார் வீட்டுக் கடலையும் முறம் முறமாகக் காயும். அந்த மணம் இன்றும் எனக்குப் பிடிக்கும். பூஞ்சணம் போனாலும் அதன் நஞ்சு கடலையிலேயே தங்கிவிடும் என்று போன மாதம்தான் படித்தேன்.

அவளிடம் அதைச் சொல்லாமல், "நல்லா இரும்மா" என்று வந்துவிட்டேன்.

என் பொட்டலத்தை எறிந்துவிட்டேன். ஆனால் அவள் பேத்தி சாப்பிடுவாளே. காலையில் முதல் பஸ்ஸில் தோட்டத்துக்குப் போக வேண்டும். சொல்ல வேண்டியதை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்: லெட்சுமி, நான் சொன்னது தப்பும்மா.