படம் ஏறிய மதியம்

தெகல்,
செவ்வாய் பிற்பகல்

அன்புள்ள என் கணவர் தார்சோனோவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் பிள்ளையும் உங்கள் அம்மாவும் நலம். நடுக்கடலில் நீங்களும் நலமாக இருக்க அல்லாஹ்வே துணை.

போன துறைமுகத்திலிருந்து கப்பல் ஏஜென்டின் ஃபோனில் கூப்பிட்டு, “புள்ள படம் எங்க? சூதாட்ட விளம்பரம்தான் வருது!” என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. நான் எதையோ மறைக்கிறேன் என்று நினைத்திருப்பீர்களோ என்று அன்று முழுக்க அழுதேன். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. மாலுமிகளின் மனைவிகள் நாங்கள் நடத்தும் வலைப்பக்கத்தில் யாரோ புகுந்து எல்லாப் படங்களையும் அழித்துவிட்டு அந்த விளம்பரத்தைப் போட்டுவிட்டார்கள்.

தப்பு எங்களுடையதுதான். ஒருத்திக்குச் சொல்லி இன்னொருத்திக்குச் சொல்லாவிட்டால் மனத்தாங்கல் வரும் என்று, கடவுச்சொல்லை நாங்கள் மாதாமாதம் சீட்டுப் போடும் அரிசான் கூட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தோம். போதாததற்கு, படம் ஏற்றிய பழைய வழியில் அந்தச் சொல் திறந்த தபால் அட்டை மாதிரி போகுமாம். பக்கத்து வீட்டு ஹிதாயா சொன்னாள். தொழிற்பள்ளியில் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறாளே, அவள்தான்.

வேறு வழி தேட எல்லோரும் கூடினோம். நம் வலைப்பக்கத்துக்கு இடம் வாடகைக்குத் தரும் கம்பெனியின் பக்கத்தில் நுழைந்து ஏற்றலாம். பாதுகாப்புதான், ஆனால் சிக்னல் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். நம் ஊர் சிக்னல் உங்களுக்குத் தெரியாததா? ஆளுக்கொரு சாவி வைத்துக்கொண்டு எஸ்.எஃப்.டி.பி. என்ற பூட்டுப் போட்ட வழியாக ஏற்றலாம் என்றாள் ஹிதாயா. எங்களில் மூத்தவரான ரொகாயா அக்கா பொங்கிவிட்டார். “ஆளுக்கொரு சாவியா? அப்போ எங்கள நம்பலையா?”

“நம்பாம இல்லக்கா. உங்க ஃபோன் தொலைஞ்சா உங்க சாவிய மட்டும் எடுத்துடலாம். மத்தவங்க வேலை நிக்காது” என்றாள் ஹிதாயா. மாமியாரின் ஃபோனையே இரண்டு முறை தொலைத்தவர் அக்கா. உடனே தன் ஃபோனை ஹிதாயாவிடம் நீட்டினார்.

அந்தச் சாவியைப் பற்றிக் கேட்டதிலிருந்து எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை. அது என் ஃபோனை விட்டு வெளியே போவதே இல்லையாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதிர் வரும். சாவி இருப்பவளால்தான் அதை அவிழ்க்க முடியும். ரகசியத்தைச் சொல்லாமலே, ரகசியம் தெரிந்தவள் நான்தான் என்று நிரூபித்துவிடலாம். “புருஷங்ககிட்ட இப்படி ஒரு வித்தை இருந்திருந்தா எத்தனை சண்டை மிச்சம்!” என்றார் ரொகாயா அக்கா.

இன்று மதியம் பிள்ளையின் படத்தை ஏற்றினேன். பாதியில் சிக்னல் போனது. உயிரே போய்விட்டது எனக்கு. திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தானாகவே ஏறியது. ஹிதாயாவின் ஃபோனில் பக்கத்தைத் திறந்தால், நம் பிள்ளை உங்கள் மூக்கோடு எங்களையே பார்த்தது. சுப்ஹானல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். என் மடியில் இருக்கும் முகம், கடல்களுக்கு அப்பாலும் இருக்கிறது!

இந்தக் கடிதத்தையும் அதே வழியில் ஏற்றுகிறேன். உங்கள் ஃபோன் தண்ணீரில் விழுந்த பிறகு அடுத்த துறைமுகத்து மாலுமிகள் மன்றத்துக் கணினிதானே உங்களுக்குக் கதி. அவசரப்படாமல் பாருங்கள்.

முகத்தைப் பார்த்துத்தான் பெயர் வைப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முப்பத்தைந்தாம் நாள் நம் வழக்கப்படி சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சி காய்ச்சினோம், பெயர் மட்டும் வைக்கவில்லை. இன்னும் ‘பாப்பா’தான். இந்தத் துறைமுகத்தோடு உங்கள் ஒப்பந்தம் முடிகிறது. இன்னொரு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்பார்கள் என்று உங்கள் அம்மா சொல்கிறார். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை.

படத்தைப் பார்த்ததும் ஒரு பெயர் தோன்றும். அதை எழுதி அனுப்பிவிடாதீர்கள். ஃபோனிலும் சொல்ல வேண்டாம். நீங்களே வந்து அவள் காதில் சொல்லுங்கள்.

இறைவன் காவலில்,
உங்கள் சுரிப்தி