ஏழாவது வரி

அன்றைக்கு நான் உன்னிடம் சொல்லாதது ஒன்றே ஒன்று: நான் வேலையை விட்டுவிட்டேன். பட்டரவாக்கத்தில் ரயில் ஏறும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அம்பத்தூர் தாண்டியதும் இனிச் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. ஆவடியில் நீ இறங்கினாய். நான் திருநின்றவூர்வரை அந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே போனேன்.

இன்று காலை மண்ணூர்பேட்டைப் பட்டறைக்குப் போயிருந்தேன். லேசர் இரும்புத் தகட்டை வெட்டும்போது எழும் கருகல் வாசனை துப்பட்டாவில் ஏறி வீடுவரை வந்துவிட்டது. அலசிப் போட்டும் போகவில்லை. கல்லூரியின் கடைசி வருடத்தில் நாம் முதன்முதலாக அங்கே போய்த் திரும்பிய நாளில் நீ கையை முகர்ந்து பார்த்து, "நம்ம ப்ராஜெக்ட்டுக்கு வாசனைகூட இருக்குடி" என்றாய்.

நாம் செய்ததை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் பிறகு உன் அம்மாவுக்கு விளக்க வேண்டி வந்தது. அவர்களுக்குச் சொன்னபடியே இங்கும் எழுதுகிறேன். பட்டறைக்காரரை நாம் அண்ணன் என்று கூப்பிட்டோம். ஒரு தகட்டில் எந்தத் துண்டை எங்கே, எப்படித் திருப்பி வைத்தால் கழிவு குறையும் என்று அவர் சாக்பீஸால் வரைந்து வரைந்து அழித்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைக் கணினி செய்யும்படி நாம் ஒரு நிரல் எழுதினோம். துண்டுகளைத் திருப்பிப் பொருத்திப் பார்க்கும் பகுதி முழுக்க உன்னுடையது. திரையில் தெரிவதும் மெஷினுக்கு அனுப்புவதும் என்னுடையவை. முதல் தகடு வெட்டி முடிந்ததும் அண்ணன் மிஞ்சிய ஒல்லிக் கீற்றைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். "இன்னாம்மா இது, ஒண்ணுமே மிச்சம் வெக்கல? காயலாங்கடைக்காரன் என்னைத்தான் திட்டப்போறான்."

மூலநிரலைத் திறந்து வைத்தது உன் யோசனை. யாரும் எடுக்கலாம், மாற்றலாம். மாற்றியதை இன்னொருவருக்குக் கொடுத்தால், மாற்றத்தையும் திறந்து கொடுக்க வேண்டும். அந்த உரிமத்தைத் தேர்ந்தெடுத்தபோது நீ சொன்னாய்: "யாரும் பூட்ட முடியாத மாதிரி வெச்சுடுவோம். நாமளும்தான்."

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையிலிருந்து இன்னொன்றுக்கு அது தானாகப் பரவியது. நாம் ஆளுக்கொரு அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பிழை திருத்தினோம். நீ சர்ச்சில் பூசை முடிந்து வருவாய், நான் துணி துவைத்துவிட்டு வருவேன். பிறகு வேறு ஊரிலிருந்த ஒரு நிறுவனம் நம் நிரலை எடுத்துத் தன் கணினிகளில் ஏற்றி, தன் பெயரைப் போட்டு, மாத வாடகைக்கு விடத் தொடங்கியது. நிரலை அவர்கள் யாருக்கும் கொடுக்கவில்லை, பயன்படுத்த மட்டும் விட்டார்கள். அதனால் எதையும் திறந்து காட்ட வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய வாடிக்கையாளர் யாராவது குறை சொன்னால் அந்தக் கடிதத்தை அப்படியே நமக்குத் தள்ளிவிடுவார்கள். தலைப்பில் 'அவசரம்' என்று இருக்கும். நீ அதைப் படித்துவிட்டு, "நம்ம முதலாளி கூப்பிடறார்டி, ஓடு" என்பாய்.

எனக்குச் சிரிப்பு வருவது நின்றுபோனது. இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்கிப் பிடிக்கிற எதுவும் நெடுநாள் நிற்காது என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். அதனால் ஒரு புதிய உரிமத்தை யோசித்தேன். பட்டறைகளுக்கு எப்போதும்போல இலவசம். வாடகைக்கு விடுகிறவர்கள் மட்டும் நம்மிடம் உரிமம் வாங்க வேண்டும். ஒவ்வொரு பதிப்பும் மூன்று வருடம் கழித்துப் பழைய உரிமத்துக்கே திரும்பி எல்லோருக்கும் திறந்துவிடும். சின்னத் திருத்தங்கள் அனுப்பியிருந்த வெளியாட்கள் எல்லோரும் சம்மதம் எழுதித் தந்துவிட்டார்கள். நிரலின் ஒவ்வொரு வரியும் அதை எழுதியவருக்கே சொந்தம் என்பதால் உன் கையெழுத்து மட்டும் பாக்கி. நீ மறுக்க மாட்டாய் என்ற தைரியத்தில், முழுநேரமும் இதைப் பார்க்கலாம் என்று ராஜினாமா கொடுத்துவிட்டுத்தான் வக்கீல் எழுதிய தாளோடு ரயில் ஏறினேன்.

லேடீஸ் பெட்டியில் ஜன்னலோரம் நீ. தாளை மடியில் விரித்துப் படித்தாய். திருமுல்லைவாயில் வரும்போது முடித்து நிமிர்ந்தாய்.

"வாடகைக்கு விடறவன் கொடுக்கட்டும், சரி. மூணு வருஷமும் சரி. இந்த ஏழாவது வரி என்னடி?"

'இனி வரும் எந்த உரிம மாற்றத்துக்கும் இதுவே சம்மதம்' என்பது அந்த வரி.

"வக்கீல் எழுதினது. எல்லாரும் போடறதுதான்."

"எல்லாரும் போடட்டும். நாளைக்கு ஒரு பெரிய கம்பெனி வந்து மொத்தமா மூடிக் கொடுன்னா நீ மூடிடலாம். அண்ணனுக்கு என்ன பதில் சொல்லுவ?"

"நான் மூடுவேன்னு நினைக்கிறியா?"

"இன்னைக்கு இருக்கிற நீ மூட மாட்ட. அஞ்சு வருஷம் கழிச்சு இருக்கப்போற உன்னை எனக்குத் தெரியாதே. உனக்கும் தெரியாது."

அந்த வரியை அங்கேயே அடித்திருக்கலாம். பேனா என் கையில்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் உன் கதவைத் தட்ட வேண்டுமா என்று எனக்கு எரிச்சல். என் குரல் உயர்ந்தது. உன்னுடையதும் உயர்ந்தது. எதிரே கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு அம்மா, "இன்னாத்துக்கு இப்படிக் கத்திக்கினு கீறீங்க? பாகப்பிரிவினையா?" என்று கேட்டார். பெட்டியே சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. அண்ணனூரில் நீ தாளை என் மடியில் வைத்தாய். வேலையை விட்டதைச் சொல்லியிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பாய். அது எனக்குத் தெரிந்ததால்தான் சொல்லவில்லை. பரிதாபப்பட்டுப் போடும் கையெழுத்தை உன்னிடம் வாங்க எனக்கு ரோஷம் இடம் கொடுக்கவில்லை.

ஒன்பது நாள் நாம் பேசவில்லை. பிறகு உனக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். சரியானதும் போகலாம் என்று இருந்தேன். அந்த வாரம் முடியுமுன் நீ இல்லை.

அதன்பின் எனக்கு இரண்டு வழிகளே இருந்தன என்று வக்கீல் சொன்னார். உன் அப்பா முன்பே போய்விட்டார். நீ ஒரே பிள்ளை. எனவே உன் வரிகள் இப்போது உன் அம்மாவுக்குச் சொந்தம், அவர்களிடம் கையெழுத்து வாங்கலாம். இல்லையென்றால் நீ எழுதியதை எல்லாம் நீக்கிவிட்டு அந்தப் பகுதியை நானே புதிதாக எழுதலாம். முதலில் இரண்டாவதை முயன்றேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதை எழுதியவர் பெயர் திரையில் தெரியுமே. ஒரு மதியம் முழுவதும் உன் வரிகளை நீக்கி என் வரிகளைப் போட்டேன். உன் பெயர் இருந்த இடத்தில் வரிசையாக என் பெயர் வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, செய்த அத்தனையையும் பழையபடி ஆக்கினேன்.

ஆவடிக்குப் போனேன். அதே தாளோடுதான் போனேன், ஏழாவது வரியோடு. இதை உன்னிடம் மறைக்க விருப்பமில்லை.

உன் அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தார்கள். "எங்கே போடணும்னு காட்டட்டுமா ஆன்ட்டி" என்று நான் தொடங்கினேன்.

"இரும்மா. முப்பது வருஷம் நர்ஸா இருந்தேன். ஆபரேஷனுக்கு எத்தனை பேர்கிட்ட கையெழுத்து வாங்கியிருப்பேன்! ஒருத்தரும் படிக்க மாட்டாங்க. நான் படிப்பேன்."

விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. புரியாத இடத்தில் கேட்டார்கள், நான் விளக்கினேன். ஏழாவதில் விரல் நின்றது.

"இதை அவ பார்த்தாளா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

"பார்த்தா ஆன்ட்டி. வேணாம்னு சொன்னா."

"எல்லாத்தையுமா, இதை மட்டுமா?"

யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அத்தனை நாளும் நீ மொத்தமாக மறுத்துவிட்டாய் என்றே எனக்கு நானே சொல்லிவந்தேன். "இதை மட்டும்தான்."

"அப்புறம் ஏன் இது இன்னும் இதுல இருக்கு?"

அப்போதுதான் வேலையை விட்டதைச் சொன்னேன், உன்னிடம் சொல்லாததையும்.

"சொல்லியிருந்தா போட்டிருப்பா," என்றார்கள். "அப்புறம் தினமும் உன்னைத் திட்டியிருப்பா." என் கையிலிருந்த பேனாவை வாங்கி ஏழாவது வரியின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்தார்கள். ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டு, கீழே முழுக் கையெழுத்துப் போட்டார்கள். "மறுபடி மாத்தணும்னா மறுபடி வா. காபி குடிச்சுட்டுப் போ."

புதிய உரிமம் வெளியானது. அந்த வெளியூர் நிறுவனம் பழைய பதிப்பையே வைத்துக்கொண்டு இன்னும் வாடகைக்கு விடுகிறது. அது அவர்கள் உரிமை. வேறு இரண்டு நிறுவனங்கள் நம்மிடம் உரிமம் வாங்கின. நான் மறுபடி வேலை தேடவில்லை. அண்ணனிடம் உரிமம் மாறியதை விளக்கினேன். "அதெல்லாம் இன்னாவோ பண்ணிக்கோம்மா. மெஷின் நின்னா நீ வருவ இல்ல?" என்று மட்டும் கேட்டார்.

உன் மேல் எனக்கு இருந்த எரிச்சல் முழுதாகப் போய்விடவில்லை. சில நாள் உன் வரிகளைப் படிக்கும்போதே அது கிளம்பும். ரயிலில் நீ கேட்டதற்கு மனசுக்குள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். அஞ்சு வருஷம் கழித்து இருக்கப்போகிற என்னைத் தெரியாது என்றாய். அதில் பாதிக் காலம்கூட ஆகவில்லை.

போன மாதம் ஒரு பெரிய நிறுவனம் நிரலை மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம் என்றது. இனி வரும் பதிப்புகள் எதுவும் திறக்கப்படாது என்பது அவர்கள் நிபந்தனை. நான் முடியாது என்று சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆவடிக்குப் போனேன். உன் அம்மா முழுக்கப் படித்தார்கள். பட்டறைக்காரர்களுக்குப் புதுசு கிடைக்குமா என்று கேட்டார்கள். கிடைக்காது என்றேன். "அப்ப வேணாம்மா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த விற்பனை நடக்கவில்லை.