நாலாம் நம்பர் பதில்

மார்ச் 3

வாடிக்கையாளர் கடிதப் பிரிவுக்கு,

வணக்கம். நாங்கள் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்க்கும் நாற்பத்திரண்டு பேர். உங்கள் சோப்பு உறையில் பல் தெரியச் சிரிக்கிறாரே, அந்தத் தொகுப்பாளரின் நிகழ்ச்சியைப் போன சனிக்கிழமை டிவியில் பார்த்தோம். எங்களில் ஒருவர் அதில் மேடையேறினார். தரை துடைக்கும்போது விசிலடிப்பதால் அவருக்கு விசிலக்கா என்று பேர்.

தொகுப்பாளர் கைகுலுக்கி, "என்ன வேலை பாக்குறீங்க?" என்றார். "ஆஸ்பத்திரியில கக்கூஸ் கழுவுறேன், பெட்பேன் எடுக்குறேன்" என்றார் விசிலக்கா. உடனே தொகுப்பாளர் தன் கையை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். பையிலிருந்து உங்கள் சோப்பை எடுத்துக் காட்டி, "நல்லவேளை, கைவசம் இது இருக்கு" என்றார். அரங்கமே சிரித்தது. விசிலக்காவும் சிரித்தார், அந்த இடத்தில் வேறென்ன செய்வார்? அன்றோடு விசில் நின்றுபோயிற்று.

அவர் மன்னிப்புக் கேட்கும்வரை எங்கள் வீடுகளில் உங்கள் சோப்பு கிடையாது. தெருத்தெருவாகச் சொல்லி வருகிறோம். இதே கடிதத்தை நாற்பத்திரண்டு பேரும் தனித்தனியே அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
துப்புரவுப் பணியாளர், மூன்றாம் வார்டு


மார்ச் 17

அன்புள்ள வாடிக்கையாளருக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் தயாரிப்பினால் தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். எங்கள் அன்பின் அடையாளமாக இரண்டு சோப்புகளை இத்துடன் அனுப்பியுள்ளோம். தொடர்ந்து பயன்படுத்தி மகிழ வேண்டுகிறோம்.

வாடிக்கையாளர் கடிதப் பிரிவுக்காக,
(கையெழுத்து)


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளையும் நலம்தானே? கடிதம் போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் நீயே போட்டிருக்கிறாய். அதுவும் நாற்பத்திரண்டு!

அடியில் இருக்கிற கையெழுத்து எனக்குத் தெரியாதா? என் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை அல்லவா அது. வேண்டாம் என்று எழுதின சோப்பையே ஆளுக்கு இரண்டு அனுப்பிவைத்திருக்கிறாய். எண்பத்து நான்கு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு என் அலமாரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வார்டே வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு விசிலக்கா கேட்டார்: "நம்ம லெட்டர யாராவது படிச்சாங்களா, இல்லையா?"

அதைத்தான் நானும் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். சோப்பைத் திருப்பி அனுப்புகிறோம், பிரித்து எண்ணிக்கொள்.

உன் வாலு


ஏப்ரல் 2

என் அருமை வாலுவுக்கு,

பார்சல் வந்தது. என் மேஜை, நாற்காலி, சாப்பாட்டு டப்பா எல்லாம் மணக்கின்றன. மேலாளர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, கடையா விரிச்சிருக்கீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

எங்களிடம் மொத்தம் நான்கு பதில்கள்தான் உண்டு. வாசனை சரியில்லை என்றால் ஒன்று. சீக்கிரம் கரைகிறது என்றால் இரண்டு. பாராட்டு என்றால் மூன்று. இந்த மூன்றிலும் அடங்காததற்கு நாலாம் நம்பர். முதல் வரியைப் பார்ப்பேன், தட்டில் போடுவேன், கையெழுத்திடுவேன். விசிலக்காவிடம் சொல், படிக்கவில்லை என்று. இப்போது உட்கார்ந்து படித்தேன், நாற்பத்திரண்டையும். எல்லாம் ஒன்றுதான் என்று தெரிந்தும் படித்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நிகழ்ச்சியை வீட்டில் நானும் பார்த்தேன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன். அடுத்த விளம்பரம் வந்த பிறகுதான் உன் ஞாபகம் வந்தது.

ஆனால் இதையும் யோசித்துப் பார். உங்கள் ஆட்கள் சொல்லச் சொல்லக் கடைகளில் விற்பனை படுத்துவிட்டது. பேக்கிங்கில் இருக்கிற பெண்களுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் வேலை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்தது எங்கள் பிரிவாம். அந்த ஆளுக்கு ஒரு முடிகூட உதிரவில்லையடி. என்ன செய்தால் நிறுத்துவீர்கள்? சண்டைக்குக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்கிறேன்.

உன் அக்கா


ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

சிரித்தேன் என்று எழுதினாயே, அது பிடித்தது. மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

பேக்கிங் பெண்களைப் பற்றி எழுதியதை டீ நேரத்தில் படித்துக் காட்டினேன். பெரிய சண்டையே நடந்தது. "அவங்களும் நம்மள மாதிரிதானே?" என்றாள் ஒருத்தி. "அப்போ அவங்களும் நம்மகூடச் சேர்ந்து அவன்கிட்ட கேக்கட்டும்" என்றாள் இன்னொருத்தி. அரை மணி நேரம் வாளிகள் அப்படியே கிடந்தன. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். மன்னிப்புக் கேட்டால் அன்றைக்கே நிறுத்துவோம். ஆனால் "யார் மனமாவது புண்பட்டிருந்தால்" என்று இழுத்தால் செல்லாது. தான் செய்தது இன்னது என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பேச்சு வந்ததால் என் மனசில் கிடப்பதையும் எழுதிவிடுகிறேன். உன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு வந்திருந்தேன். உன் மேலாளர், "தங்கச்சி என்ன பண்றாங்க?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், "நர்ஸா இருக்கா சார்" என்று நீ முந்திக்கொண்டாய். நான் கையிலிருந்த கேக்கைத் தின்று முடித்துவிட்டு வந்துவிட்டேன். மூன்று வருஷமாகிறது. அதற்குப் பிறகு உன் வீட்டுப்படி ஏறவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. எனக்கு வலித்தது அக்கா, இப்போதும் வலிக்கிறது.

வாலு


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. கோபமோ என்னவோ. ஆனாலும் சேதி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொகுப்பாளர் டிவியில் மன்னிப்புக் கேட்டுவிட்டார்! நோயாளிகள் உட்பட வார்டில் எல்லாரும் பார்த்தோம். நாங்கள் எதிர்பார்த்தது ஒரு சப்பைக்கட்டு. அவரோ, "அந்த அம்மாவிடம் கைகுலுக்கிவிட்டு என் கையை முகர்ந்தேன், முகம் சுளித்தேன், அவரையும் சிரிக்க வைத்தேன்" என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். விசிலக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் காலை மாடிப்படி துடைக்கும்போது கொஞ்சம் விசில் கேட்டது. அதனால் சோப்பை ஒதுக்குவதை நிறுத்திவிட்டோம். பேக்கிங் பெண்களிடம் சொல்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. நடுவில் அவர், "நாலு பேர் முன்னால் அவருடைய வேலைக்கு வேறு பேர் சொன்னேன். முகம் சுளித்ததைவிட அது பெரிய தப்பு" என்றார். "இவன் எப்போ வேற பேர் சொன்னான்?" என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செய்யாத தப்புக்குமா ஒருவர் மன்னிப்புக் கேட்பார்? யாரிடம் விசாரிப்பது என்று தெரியவில்லை. உன்னிடமே கேட்கிறேன்.

வாலு


மே 9

என் கண்ணான வாலுவுக்கு,

நீ கண்டுபிடித்துவிட்டாய். பிறகு ஏன் கேட்கிறாய்?

அந்த மன்னிப்பை நான்தான் எழுதினேன். "அந்த லெட்டரையெல்லாம் படிச்ச ஒரே ஆளு நீங்கதாம்மா, ஒரு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார் மேலாளர். உன் ஏப்ரல் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அந்த வரி தானாக வந்து விழுந்தது. அடித்துவிட வேண்டும் என்று பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. மேலாளர் படித்துவிட்டுத் தலையாட்டினார். பிறந்தநாளில் கேட்ட கேள்வி அவருக்கு ஞாபகமே இல்லை. அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் உன்னைத் தொலைத்தேன்.

தாளை எடுத்துக்கொண்டு படப்பிடிப்புக்கு என்னையே அனுப்பினார்கள். தொகுப்பாளர் அதை முன்னதாக ஒரு தடவைகூடப் படிக்கவில்லை. கேமராவுக்குப் பக்கத்துத் திரையில் எழுத்து ஓட ஓட வாசித்தார். பாதியில் நிறுத்தி, "இந்த இடத்துல குரல் தழுதழுக்கணுமா?" என்று கேட்டார். அந்த வரியையும் அப்படியே வாசித்துவிட்டுப் போனார். என் வாயால் உன்னிடம் சொல்ல முடியாததை அவர் வாயில் வைத்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

விசிலக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். வெளியே தெரிந்தால் என் வேலை போய்விடும். அதற்காக மறைத்துவைக்காதே. ஒரு தடவை உன்னைப் பற்றி நான் பொய் சொன்னது போதும்.

உன் அக்கா


மே 16

வாடிக்கையாளர் கடிதப் பிரிவுக்கு,

அம்மா,

தங்கள் ஒன்பதாம் தேதிக் கடிதத்தை விசிலக்காவும் நானும் மட்டும் படித்தோம். படித்ததும் அதைக் கிழித்துவிட்டோம். யார் எழுதிக் கொடுத்தது என்று எங்கள் வாயிலிருந்து வராது. ஆனால் தொகுப்பாளர் எழுதவில்லை என்பதை எல்லாரிடமும் சொல்வோம். வாசித்தவருடைய மன்னிப்பு இன்னும் எங்களுக்கு வந்து சேரவில்லை. அவர் நேரில் வந்து, தாள் இல்லாமல், உளறிக்கொட்டியாவது சொல்லட்டும். அதுவரை மறுபடியும் சோப்பு கிடையாது. பேக்கிங் பெண்களும் எங்களோடு சேர்ந்து கேட்டால் சீக்கிரம் முடியும் என்று விசிலக்கா நினைக்கிறார். அவர்களுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

எழுதியவருடைய மன்னிப்பு பாதி வந்துவிட்டது. மீதிக்கு அவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அது நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களின் நேரம், வாசலில் பெரிய வரிசை நிற்கும். "யாரைப் பாக்கணும், இங்க என்ன வேலை பாக்குறாங்க?" என்று காவலாளி கேட்பார். அவருக்குக் காது மந்தம். சத்தமாகத்தான் சொல்ல வேண்டும்.

இதற்கு நாலாம் நம்பர் பதில் அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
துப்புரவுப் பணியாளர், மூன்றாம் வார்டு