சந்தனம் வைத்த மெஷின்

ஹைபோங், வியட்நாம்
6.9.2025

அன்புள்ள மாப்பிள்ளை பாண்டிதுரைக்கு,

இங்கே நலம். ஸ்ரீவில்லிபுத்தூரில் நீங்கள் எல்லோரும் நலம்தானே? போனில் பேசினால் நீ கத்துகிறாய், நான் கத்துகிறேன், நடுவில் உன் அக்கா வெங்கடேஸ்வரி அழுகிறாள். அதனால் கூரியரில் எழுதுகிறேன். காகிதத்தில் சண்டை போட்டால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது.

ராஜபாளையத்தில் நாம் செய்கிற, எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கிற டிரைவரை இனி அமெரிக்காக்காரன் வாங்க மாட்டான். சரக்கில் குறை இல்லை. நம் நாட்டுச் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டுவிட்டார்கள், வியட்நாம் சரக்குக்கு இருபதுதான். உள்ளூரில் விற்கலாம் என்றால், நமக்குச் செம்புக் கம்பிக்கு ஆகிற காசுக்குச் சீனாக்காரன் முழு டிரைவரையே தருகிறான். இங்கே ஒரு ஷெட் பேசி முடித்துவிட்டேன். டிசம்பரில் சரக்குக் கொடுத்தால் பழைய ஆர்டர் அப்படியே நமக்கு. இல்லாவிட்டால் பழைய கடனுக்காகப் பேங்க் கம்பெனியை ஏலம் விடும். கம்பெனியில் பாதிப் பங்கு உனக்கு இருப்பதால் புதுக் கடனுக்கு உன் கையெழுத்தும் வேண்டும்.

போர்டில் பாகங்களைப் பதிக்கிற மெஷின் உடனே இங்கே வர வேண்டும். அதை வெளியே விட மாட்டோம் என்று நம் தொழிலாளிகள் முறை வைத்துக் காவல் இருக்கிறார்கள் என்கிறாய். ஆயுத பூஜை வருகிறதே! சந்தனம் வைத்த மெஷினை மறுநாள் சூடம் காட்டி ஆரம்பிக்கிற வரை அவர்கள் தொடவே மாட்டார்கள். நீ கேட்டைத் திறந்து வை. மெஷினை ஏற்றுகிற ஆட்களைத் தூத்துக்குடியிலிருந்து நான் அனுப்புகிறேன். செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றுகிற வேலை ராஜபாளையத்திலேயே இருக்கும். இது என் வாக்கு.

உன் அத்தான்
ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
14.9.2025

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

கடிதம் வந்தது. அக்கா நலம். நலம் என்றால், சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், மீதி நேரத்தில் உங்களைத் திட்டுகிறாள்.

ஹைபோங்கில் உட்கார்ந்து யோசனை சொல்வது சுலபம். இங்கே கேட்டில் நிற்கிறவன் நான். திங்கட்கிழமை உள்ளே நுழையும்போது கார்க் கண்ணாடியில் கல் விழுந்து என் மடியெல்லாம் சில்லு. இறங்கி ஒருத்தன் சட்டையைப் பிடித்தேன். பார்த்தால் மாரிச்சாமி. பன்னிரண்டு வருஷமாக அந்த மெஷினை ஓட்டுகிறவன். "அடிங்க அண்ணாச்சி. மெஷின் போனா நாங்க எப்படியும் செத்தவங்கதான" என்றான். கன்னத்தில் விட்டேன் ஓர் அறை. காயில் செக்‌ஷனிலிருந்து பரிபூரணம் ஓடிவந்து குறுக்கே நின்றாள். "ஏன் மொதலாளி, இவன அடிச்சா ஆர்டர் வந்துருமா? அப்படின்னா எல்லாரையும் வரிசையா நிக்கச் சொல்லுதேன், அடிங்க" என்றாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டேன்.

கேட்டைத் திறக்கிறேன். கம்பெனி ஏலம் போவதைவிட இது மேல். காயில் வேலை தங்கினால் நாற்பது பெண்களுக்காவது பிழைப்பு இருக்கும். ஆனால் ஒருத்தர் மேலும் கை படக் கூடாது. நான் கொடுத்த அறையே எனக்கு இன்னும் தாங்கவில்லை.

அன்புடன்
பாண்டிதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
3.10.2025

அத்தான்,

நலம் விசாரிக்க மனசு வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பூஜை முடிந்தது. பொரி கடலை கொடுத்துவிட்டு, கேட்டைச் சாத்தாமல் விட்டேன். பதினொன்றரைக்கு உங்கள் லாரி வந்தது. எட்டுப் பேர், எட்டுப் பேர் கையிலும் இரும்புப் பைப். மெஷின் ஏற்ற வருகிறவனுக்குப் பைப் எதற்கு?

நீங்கள் நினைத்தபடியே காவல் இருந்தவர்கள் சத்தம்தான் போட்டார்கள், மெஷினைத் தொடவில்லை. பரிபூரணத்தை மட்டும் நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம். பதினான்கு வருஷமாக எல்லோரோடும் நின்று பொரி வாங்கினவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவள் என்று எனக்கே நினைவில்லை. "நான் வேதக்காரி. எனக்கு இந்தத் தடை கெடையாது. நான் தொடுவேன், எவன் இழுக்கான்னு பாக்கேன்" என்று மாலையோடு சேர்த்து மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

லாரிக்குச் சாய்த்த பலகையில் மெஷின் அப்போது பாதி ஏறியிருந்தது. மாரிச்சாமி, "பின்னாடிதாம்லே கனம்! கயித்தப் பின்னாடி போடுங்கலே, சரிஞ்சுரும்!" என்று கத்தினான். அவன் வாயிலேயே பைப்பால் போட்டார்கள். பல் தெறித்து என் சட்டையில் விழுந்தது. ஒருத்தன் பரிபூரணத்தின் கொண்டையைப் பிடித்து இழுத்து வயிற்றில் மிதித்தான். அவள் விடவில்லை. முழங்கையில் அடித்தான். மறுபடியும் அடித்தான். அவள் பலகையில் குப்புற விழுந்து கையை ஊன்றி எழப் பார்த்தாள். கயிறு பிடித்தவன் இதை வேடிக்கை பார்த்துப் பிடியை விட்டான். ஒன்றரை டன் மெஷின், அத்தான். அவள் இரண்டு கை மேலும் சரிந்து வந்து நின்றது.

லாரியும் எட்டுப் பேரும் ஓடிவிட்டார்கள். எங்கள் எல்லோர் தோளும் சேர்ந்துதான் மெஷினைத் தூக்கியது. அப்போது யாருக்கும் பூஜை நினைவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல் மிச்சம். ஆஸ்பத்திரி வாசலில் மாரிச்சாமி கிழிந்த வாயோடு, "சந்தனம் வச்சதத் தொடக் கூடாதுன்னு நின்னுட்டனே அண்ணாச்சி. நான் ஒரு கை பிடிச்சிருந்தா அவ கை இருந்திருக்கும்லா" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

பைப் கொடுத்தது யார்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

பாண்டிதுரை


ஹைபோங்
7.10.2025

அன்புள்ள மாப்பிள்ளை,

படித்து மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. பாவம் பரிபூரணம். மெஷினுக்கு அடி ஒன்றும் இல்லையே? மேல் பாகத்தை ஒருமுறை திறந்து பார்த்து எழுது.

பைப் கொடுக்கச் சொன்னது நான்தான். வெறுங்கையை வீசிக்கொண்டு போனால் மெஷின் வந்துவிடுமா? மிரட்டச் சொன்னேன், மிதிக்கச் சொல்லவில்லை. போலீஸ் கேட்டால், அவளாகக் குறுக்கே வந்து விழுந்தாள் என்று சொல். விபத்து என்றால் அவளுக்கும் இன்ஷூரன்ஸ் கிடைக்கும். உண்மையைச் சொன்னால் நீயும்தான் உள்ளே போவாய். கேட்டைத் திறந்தது நான் இல்லை.

இன்னொரு விஷயம். சரக்கில் பாதிக்கு மேல் இங்கேயே செய்தால்தான் வியட்நாம் சரக்கு என்று முத்திரை விழுமாம். அதனால் காயிலும் இங்கேதான். வாக்குக் கொடுத்தபோது இந்தச் சட்டம் எனக்குத் தெரியாது, என் மேல் கோபப்படாதே.

பேங்க் கையெழுத்துக்காகப் பதினெட்டாம் தேதி மதுரை வந்து இறங்குகிறேன். அப்படியே தீபாவளியையும் முடித்துக்கொள்ளலாம். உன் அக்காவுக்குப் பட்டு எடுத்திருக்கிறேன்.

உன் அத்தான்
ஹரிகிருஷ்ணன்


ஸ்ரீவில்லிபுத்தூர்
12.10.2025

ஹரிகிருஷ்ணன் அவர்களுக்கு,

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்தேன். கேட்டைத் திறந்தது நான், பைப்போடு ஆட்களை அனுப்பியது நீங்கள் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கூப்பிடும்போது வர வேண்டும் என்று சொல்லி என்னை அனுப்பியிருக்கிறார்கள். பேங்க் பேப்பரைக் கிழித்துவிட்டேன். இனி கம்பெனி ஏலம்தான். வீராப்பில் எழுதவில்லை, வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

பரிபூரணத்திடம் சொல்லப் போனேன். நன்றாகச் செய்தீர்கள் என்பாள் என்று நினைத்தேன் போல. நான் ஒரு முட்டாள். "கம்பெனிய ஏன் மொதலாளி சாகவிட்டீய? அது சாகக் கூடாதுன்னுதான நான் கட்டிப்பிடிச்சேன்" என்று கேட்டாள். வெளியே வந்து ஆஸ்பத்திரிச் சுவரில் குத்தினேன். விரல் வீங்கியிருக்கிறது, எழுத்து கோணலாக இருக்கும்.

அக்காவிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை அவள் அழவில்லை. "அவிய வரட்டும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி அந்தப் பிள்ளைக்கு ஒரு வாய் சோறு ஊட்டிவிடட்டும். பொறவு எனக்குப் புருசனான்னு பாப்போம்" என்றாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் டிக்கெட்டை ரத்து செய்யலாம். வந்தால் ஏர்போர்ட்டில் நான் நிற்பேன். மூன்று நாளாக உங்களைக் கொல்ல வேண்டும் என்றே இருக்கிறது. எங்கே வைத்து, எதால் என்பது வரை யோசித்துவிட்டேன். அதனால்தான் இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவர் உங்களைப் பிடிக்க வருவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். என்னையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பாண்டிதுரை