வகுப்புக்கு நானும் வருகிறேன்

குட்டிம்மா, அசந்து தூங்குகிறாய். எழுப்ப மனசு வரவில்லை. பால் காய்ச்சி மூடி வைத்திருக்கிறேன். என்மேல் உள்ள கோபத்தில் பட்டினியாகக் கிளம்பாதே. சாவி செருப்பு அலமாரி மேல்.

"தீராத வயித்துவலிக்காரங்களுக்கு மனசை அமைதியா வெச்சுக்கங்கன்னு பாடம் எடுக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று நான் நேற்று கேட்டிருக்கக் கூடாது. நீ பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதும் என் பழைய வயிற்றுவலி பிடித்துக்கொண்டது. போனில் நோயாளிகளுக்கு நீ சொல்வாயே, அதுபோல வயிற்றில் கை வைத்து நிதானமாக மூச்சு விட்டேன். வலி போகவில்லை, ஆனால் பயம் விட்டது.

ஆஸ்பத்திரியில் உன் வகுப்புக்கு என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். கடைசி வரிசையில் இருப்பேன். எல்லார் முன்னாலும் அப்பா என்று கூப்பிடாதே.

பி.கு.: கூப்பிட்டாலும் பரவாயில்லை. நேற்றிலிருந்து நீ கூப்பிடவே இல்லை.