பிரேக் பார்த்த தேதி

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த மெயிலை யாரிடமும் காட்டாதே, கெஞ்சிக் கேட்கிறேன். அத்தானிடம்கூட வேண்டாம். அவர் வாயில் எதுவும் தங்காது, விடிவதற்குள் அப்பா காதுக்குப் போய்விடும்.

அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். நான் தட்டுகிற சத்தம் அவருக்குக் கேட்கும். சொன்னதைச் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அப்பா மேற்பார்வை பார்க்கும் பள்ளிப் பேருந்துக் கொட்டகைக்கு நான் ஒரு கம்ப்யூட்டர் நிரல் எழுதிக் கொடுத்தேனே, அதில்தான் வம்பு. காலையில் அது சீட்டு அடித்துக் கொடுத்தால்தான் டிரைவர்கள் வண்டியை எடுப்பார்கள். வண்டியின் ஒவ்வொரு விவரத்துக்கும் தலைமேல் 'காலியாக இருக்கக்கூடாது', 'முப்பது நாளுக்குள் இருக்க வேண்டும்' என்று ஒரு குறிப்பு வைத்திருக்கிறேன். அட்ரிபியூட் என்பார்கள். நிரல் ஓடும்போது ரிஃப்ளெக்‌ஷன் என்ற வழியில் எல்லா விவரங்களையும் தானே தேடிப் பிடித்து, குறிப்பைப் படித்து, அதன்படி சோதிக்கும். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா!

பிரேக் பார்த்த தேதியை மட்டும் பிரைவேட், அதாவது வெளியே காட்டாதது, என்று எழுதித் தொலைத்திருந்தேன். என் நிரல் பப்ளிக் விவரங்களை மட்டும்தான் தேடும். தலைமேல் குறிப்பு பளிச்சென்று இருந்தும், அந்தப் பக்கமே அது திரும்பவில்லை. மூன்று மாதமாக எல்லா வண்டிக்கும் 'சரி' என்று சீட்டு வந்தது. இன்று சாயங்காலம்தான் கண்டுபிடித்துத் திருத்தினேன். ஏழில் நான்கு வண்டிக்குச் சீட்டு வரவில்லை. தேதி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது. யாரும் பிரேக்கைப் பார்க்கவே இல்லை, அக்கா. அதில் ஒரு வண்டியில்தான் சித்தியின் இரட்டைப் பிள்ளைகள் போகிறார்கள்.

அப்பா இதைச் சொன்னதும் பஸ் முதலாளி போனில் கத்தியது எனக்கே கேட்டது. "சின்னப் புள்ள விளையாட்டுக்கு என் பஸ்ஸு நிக்கணுமா? காலைல ஏழும் கிளம்பலைன்னா நீ வீட்டுலயே இரு" என்றார். அப்பா லேப்டாப்பை என் மேசையில் வைத்து, "பழையபடி மாத்திடும்மா, ஒரே ஒரு வார்த்தைதானே" என்றார். "அப்ப அது கண்ண மூடிட்டு இருந்துச்சுப்பா" என்றேன். அம்மா, "உங்கப்பாவுக்கு வேலை போச்சுன்னா இந்தக் கம்ப்யூட்டரையா வேகவச்சுத் திங்கறது?" என்று பாத்திரத்தை உருட்டினாள்.

ஒரே ஒரு வார்த்தைதான், உண்மை. மாற்றினால் யாருக்கும் தெரியாது. அதனால்தான் மாற்றமாட்டேன். தெரியாமல் செய்தது தப்பு. தெரிந்தே செய்தால் அதற்கு வேறு பெயர். அவர்களே வேறு யாரையாவது வைத்து மாற்றலாம். அப்படி மாற்றினாலும் உனக்குத் தெரிந்திருக்க, சீட்டு வராத வண்டிகளின் எண்ணை எழுதிவைக்கிறேன்: இரண்டு, நான்கு, ஐந்து, ஏழு.

நீ சொன்னால் அப்பா கேட்பார். காலை ஐந்து மணிக்கே போன் பண்ணு. நான் சொன்னேன் என்று சொல்லாதே, சும்மா பேசுவதுபோல் ஆரம்பித்து, மெக்கானிக்கை அப்போதே எழுப்பச் சொல்லு. அப்பா கெட்டவர் இல்லை அக்கா, பயந்துபோயிருக்கிறார். என்னைவிட

அப்பா கதவைத் தட்டுகிறார். "முடிஞ்சுதாம்மா?" என்கிறார். இல்லை என்று சொல்லத்தான் போகிறேன், இதை முதலில் அனுப்பி